பிள்ளையை ஏன் தூக்கிக்கொண்டு போனாள்?



1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் இறந்தவர்கள் 17 பேர். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் இருந்த 652 தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போன ஊர்வலம் அது. போலீஸ் அடித்து விரட்டியதில் மக்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். இறந்தவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையைச் சரி என்றது.

ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளைப் பற்றிப் பேசும்போது யாராவது ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார். பேருந்தில், கல்லூரி விடுதியில், சில நேரம் நம் வீட்டுக்குள்ளேயே கேட்கிறார். “ஊர்வலத்துக்குப் போறவ பிள்ளையை ஏன் தூக்கிக்கிட்டுப் போனா?” கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி தடி பிடித்தவனை விட்டுவிட்டுத் தாயை விசாரிக்கிறது. அதனால் அதற்கு நாம் பொறுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

எஸ்டேட்டில் வீடு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். நம் மேகமலைக்கும் ஹைவேவிஸுக்கும் போனவர்கள் அந்த லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மூணாறு பக்கம் லயம் என்கிறார்கள். வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. அப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டும். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். அதே ஆண்டு அம்மாவுக்கு வேலைக்காலம் முடிகிறது. அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கங்காணி காலத்தில் முன்பணம் கட்டிப்போட்டது. இன்று கூரை கட்டிப்போடுகிறது. அதிகாரம் என்றால் நமக்குச் சட்டையும் தொப்பியும் போட்ட ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். எஸ்டேட்டில் அது வீட்டுச் சாவியாக இருக்கிறது.

மாஞ்சோலையில் இதை 2024-இல் எல்லோரும் பார்த்தோம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி, குத்தகை முடியும் முன்பே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து, வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. மூன்று, நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டில் இருக்க உரிமை கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

இப்போது நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். போடிமெட்டு இறங்கி, போடி, தேனி வழியாக மதுரைக்குப் போகும் அதே நெடுஞ்சாலைதான். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், அவர்களில் மிகப் பலர் தலித்துகள். போனஸ் 20 சதவீதம் கேட்டார்கள்; கண்ணன் தேவன் கம்பெனி 10 என்றது. நாள் கூலி 232 ரூபாயை 500 ஆக்கச் சொன்னார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: 2005-இல் டாட்டா டீ கைமாற்றிய அந்தக் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். காகிதத்தில் முதலாளி, லயத்தில் கூலி.

அவர்கள் கம்பெனியை மட்டும் எதிர்க்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தபோது பக்கத்தில் விடவில்லை. கொழுந்து கிள்ளுவது பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவது ஆண்கள் என்று எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. சங்கத் தலைவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எந்த வீட்டில் இருக்கிறார்கள், நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பெண்களின் கணக்கு. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. லிஸ்ஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் என்ற பெயர்களை அப்போதுதான் வெளியுலகம் கேட்டது. ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. கூலிக்காகத் திரும்பவும் போராடினார்கள். 500 கிடைக்கவில்லை, 301 ஆனது. கூடவே கிள்ள வேண்டிய கொழுந்தின் அளவையும் கூட்டினார்கள். இதை வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. அந்த அமைப்பும் பின்னால் பிரிந்தது. கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. ஆனாலும் அந்த ஒன்பது நாளில் கணவனும் சங்கமும் சொல்லாமல் தாங்களே முடிவெடுத்தார்கள். அதைத் திருப்பி வாங்க முடியாது.

அங்கேயும் பலர் பிள்ளைகளோடுதான் வந்து உட்கார்ந்தார்கள். அன்று இருந்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் காப்பகமும் கம்பெனியுடையதுதான். கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்கிற நாளில் பிள்ளையைக் கம்பெனி காப்பகத்திலா விட்டு வருவாள்? அக்கம்பக்கத்தாரிடம் விடலாம் என்றால் லயம் முழுக்கச் சாலையில் இருக்கிறது. மாஞ்சோலைத் தாய்க்கும் நிலைமை இதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மனு கொடுக்கப் போகும் பெண், ஆட்சியர் அலுவலகத்தில் அடி விழும் என்று நினைத்துப் போகவில்லை. மனு வாங்குவார்கள் என்று நம்பித்தான் போனாள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது 70 பேர் இறந்தார்கள். பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். சில நாள் கழித்து முதல்வர் வந்தபோது, தோட்டத் தொழிலாளருக்கு நிலமும் வீடும் வேண்டும் என்று வழிமறித்துக் கேட்டவர் கோமதி. போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது.

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் தேவாரத்திலும் ஜீப்புகள் நிற்கின்றன. பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். இவர்களுக்கு லயம் இல்லை. அதனால் வீட்டைக் காட்டி மிரட்ட முடியாது. ஆனால் பிள்ளை மலைக்கு இந்தப் பக்கம், வேலை கொடுப்பவர் அந்தப் பக்கம். தோட்டத்தில் காப்பகம் இருந்தாலும் ஆட்களை அடைத்துக்கொண்டு கொண்டைஊசி வளைவில் ஏறும் ஜீப்பில் யார் கைக்குழந்தையைக் கொண்டுபோவார்? ஜீப்பு ஏறும் நேரத்தில் அங்கன்வாடி திறந்திருக்காது. பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையென்றால் பத்து வயது அக்கா. அந்த அக்காதான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வருகிறாள், கடைசி பெஞ்சில் தூங்குகிறாள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்தத் தாய்மார்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது பட்டணத்து விவாதங்களில் வருவதே இல்லை.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை மூண்டபோது ஏலத்தோட்டங்களில் இருந்து அடிபட்டும் பயந்தும் திரும்பி வந்தவர்களும் இதே பெண்கள்தான். அணையைப் பற்றி எவ்வளவோ அச்சாகிவிட்டது. அன்று மலையிறங்கியவர்கள் சொன்னதை அந்த அளவுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பாதிப் பேருக்காவது அந்த ஜீப்பில் போன அம்மாவோ சித்தியோ பெரியம்மாவோ இருப்பார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்: நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர்கள் வேலைக்குப் போன முதல் நாள் உங்களை யாரிடம் விட்டுப் போனார்கள், அதற்கு எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று.