புள்ளிக்கு வலப்பக்கம் நடக்கும் அதிசயம் தெரியுமா?

பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். சாலையோரமே உப்பளங்கள். பாத்தியில் தேங்கிய தண்ணீர் எப்போது உப்பாகும் என்பதை ஓர் எண் சொல்லிவிடும், தெரியுமா?

கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் சுமார் 3.5 டிகிரி. வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐத் தொடுவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். இப்போது அந்த 3.5-இல் உள்ள புள்ளியை மட்டும் அழித்துப் பாருங்கள். 35! கடல்நீர் ஒரு நொடியில் கசப்பு நீரையே தாண்டிவிட்டது! புள்ளியை இடப்பக்கம் ஓர் இடம் தள்ளுங்கள். 0.35! வெறும் உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர். அதே 3, அதே 5. மாறியது அவை உட்கார்ந்த இடம் மட்டுமே!

இந்த அளவுகோலை உருவாக்கிய அந்த்வான் போமே 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருந்தாளுநர். தூய நீருக்கு 0, நூற்றுக்கு 15 பங்கு உப்பு கரைந்த நீருக்கு 15 என்று குறித்தார். உப்பைக் கொண்டே செய்த அளவுகோல் அது!

பிரான்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதலியார்சாவடிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் புதுச்சேரி. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. பிரெஞ்சு முறையில் மூன்றரையை 3,5 என்று காற்புள்ளி போட்டுத்தான் எழுதுவார்கள். நம் பிள்ளைகள் 3.5 என்கிறார்கள். குறி வேறு, மதிப்பு ஒன்றே!

சரி, 0.45 பெரியதா, 0.5 பெரியதா? தொடக்கப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். "45 தானே பெரிசு" என்று சட்டென்று பதில் வரும். இது நம்மூர்ப் பிள்ளைகளின் குறை அல்லவே அல்ல. அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் மூன்று நாட்டுக் குழந்தைகளும் இதே வகைத் தவறுகளைச் செய்வதை ஆய்வாளர் லாரன் ரெஸ்னிக் குழுவினர் 1989-இல் எழுதினார்கள். இன்னொரு வகைத் தவறும் உண்டு. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது, ஆகவே 0.35 நிச்சயம் 0.3-ஐவிடச் சிறியது என்பார்கள். எவ்வளவு அழகாக யோசித்துத் தவறியிருக்கிறது அந்தக் குழந்தை! அதைத் திட்டவே கூடாது. ஒரு மீட்டர் அளவுகோலை எடுத்துக் கையில் கொடுங்கள். 0.5 மீட்டர் என்றால் 50 செ.மீ., 0.45 என்றால் 45 செ.மீ. கண்ணே தீர்ப்புச் சொல்லிவிடும். "புள்ளி நாற்பத்தைந்து" என்று படிக்கவிடாமல் "புள்ளி நான்கு ஐந்து" என்று படிக்கவைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே ஓடிப்போகும்.

ரூபாய், பைசாவை மட்டும் வைத்துத் தசமம் சொல்லித்தருவது போதாது என்பேன். 5.50-ஐ ஐந்து ரூபாய், ஐம்பது பைசா என்று இரண்டு தனி எண்களாகவே பிள்ளை பார்த்துவிடுகிறது, 5.5 என்று எழுதினால் ஐந்து ரூபாய் ஐந்து பைசா என்கிறது!

கிரிக்கெட் ஸ்கோரில் வரும் 4.3 ஓவர் உண்மையில் நாலரை ஓவர், தெரியுமா? ஓவருக்கு ஆறு பந்து, அங்கே 4.6 வந்தால் 5 ஓவர் முடிந்தது! அது தசமப் புள்ளியே அல்ல. கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தசமம் வருவதற்கு முன் நம் முன்னோர் முந்திரி, காணி, மா, வீசம் என்று பின்னத்துக்குப் பின்னம் தனிப் பெயரும் தனிக் குறியும் வைத்திருந்தார்கள். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே போனார்கள்! முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை நிலக்கணக்கு இருக்கிறது. வேலியை 6.6 ஏக்கர் என்று கொண்டால் அது அரை சதுர மில்லிமீட்டர். ஓர் உப்புக்கல் உட்காரும் இடம்!

தசமத்துக்கு இத்தனை குறிகள் வேண்டாம். 0 முதல் 9 வரை போதும். வலப்பக்கம் ஒவ்வோர் இடம் நகர நகர மதிப்பு பத்தில் ஒரு பங்காகும். டமாஸ்கஸில் கணித அறிஞர் அல்-உக்லிதிசி 952-லேயே இப்படி எழுதினார். ஐரோப்பாவில் 1585-இல் சைமன் ஸ்டெவின் ஒரு சிறு நூலால் பரப்பினார். இந்திய ரூபாயோ 1957 ஏப்ரல் 1 அன்றுதான் 16 அணாவை விட்டு 100 நயா பைசாவுக்கு வந்தது.

புள்ளிக்கு வலப்பக்கம் ஓர் இடம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஓட்டமே சாட்சி. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி. உஷா 55.42 வினாடி, வெண்கலம் வென்றவர் 55.41. வித்தியாசம் 0.01! சராசரி வேகத்தில் பார்த்தால் அந்த இடைவெளி சுமார் 7 செ.மீ. அதே 1 பத்தில் ஒன்றாம் இடத்தில் இருந்திருந்தால் 72 செ.மீ.; ஆயிரத்தில் ஒன்றாம் இடத்தில் என்றால் வெறும் 7 மி.மீ.!