சி.ஆர்.பி. நார்மல்... அப்போ எம்.எஸ். இல்லையா?

கை மரத்துப்போகிறது, ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் நார்மல். 'அப்பாடா, ஒண்ணுமில்ல'ன்னு விட்டுடலாமா? கூடாது.

எம்.எஸ். எனும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில், நோய் எதிர்ப்பு செல்களே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையான மயலினைத் தாக்குகின்றன. இந்த அழற்சி பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடுவதால், கல்லீரலில் உருவாகும் சி.ஆர்.பி. பலருக்கு உயர்வதில்லை.

அப்போ ரத்தத்தில் எதைத் தேடுறாங்க?

'நியூரோஃபிலமென்ட் லைட்' என்ற புரதத்தை. அழற்சியால் நரம்பிழை சேதமானால், இது மிகச் சிறிய அளவில் ரத்தத்தில் கசியும். அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்துவைத்த ரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வில், அறிகுறி தொடங்கச் சுமார் 6 ஆண்டுகளுக்கு முன்பே சிலருக்கு இது கூடியிருந்தது.

இது மட்டும் போதுமா?

போதாது. வயதானாலும், தலையில் அடிபட்டாலும், பக்கவாதம் வந்தாலும் இந்த அளவு ஏறும். சிகிச்சை பலனளிக்கிறதா என்று கண்காணிக்க உதவலாம். நோயை உறுதிசெய்ய நரம்பியல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் தண்டுவட நீர்ப் பரிசோதனை வேண்டும்.

ரிப்போர்ட் நார்மலா இருந்தாலும், அறிகுறி இருந்தா காத்திருக்காம நரம்பியல் மருத்துவரைப் பாருங்க.