பென்டகனுக்கும் சிக்கனம் உண்டா?

அமெரிக்காவின் குடியரசுக் கட்சியினர் சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். ஏழைகளுக்கான உணவு உதவி, மருத்துவ உதவி என்றால் ஒவ்வொரு காசையும் எண்ணுகிறார்கள். ராணுவத் தலைமையகமான பென்டகன் என்றதும் பலர் எண்ணுவதை நிறுத்திவிடுகிறார்கள். அரசாங்கம் எதைச் செய்தாலும் வீணடிக்கும் என்று நம்புபவர்கள், ராணுவம் மட்டும் வீணடிக்காது என்று எப்படி நம்புகிறார்கள்?

அந்தக் கட்சி எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1953ல் அதிபரான ஐசன்ஹவர், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை நடத்திய தளபதி. ராணுவக் கணக்கில் அவர் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது. பதவியேற்ற சில மாதங்களிலேயே, ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையில் 30க்கும் மேற்பட்ட நகரங்களில் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கணக்குச் சொன்னார். தமது 8 ஆண்டுகளில் 3 முறை வரவுக்குள் செலவை அடக்கினார்.

ரேகன் காலத்தில் காற்று திசைமாறியது. வரியும் குறைந்தது, தற்காப்புச் செலவும் கூடியது. 1981ல் 1 டிரில்லியன் டாலருக்குள் இருந்த நாட்டின் கடன், 1989ல் அவர் விடைபெற்றபோது இரண்டரை டிரில்லியனைத் தாண்டியிருந்தது. சோவியத் யூனியன் சரிந்ததற்கு அந்தச் செலவே காரணம் என்பார்கள் அவரது ஆதரவாளர்கள். இருக்கலாம். ஆனால் கடன் கடன்தான்.

அன்று எதிர்த்தவர்களில் ரேகன் கட்சிக்காரரே ஒருவர் இருந்தார். அயோவா மாநில விவசாயி, செனட்டர் சக் கிராஸ்லி. ராணுவ விமானத்துக்கு 7,600 டாலர் காப்பி இயந்திரம், 640 டாலர் கழிப்பறை இருக்கை, 435 டாலர் சுத்தியல் என்று செய்திகள் வந்த காலம் அது. (சுத்தியல் விலையில் பாதி விளையாட்டு கணக்கெழுதும் முறையில் இருந்தது. நிறுவனத்தின் பொதுச் செலவை எல்லாப் பொருள்மீதும் சமமாக ஏற்றினால் சுத்தியலும் தங்கமாகிவிடும்.) தற்காப்புச் செலவைக் கூட்டாமல் அப்படியே நிறுத்த வேண்டும் என்று கிராஸ்லி சொந்த அதிபருக்கு எதிராகவே போராடினார்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ராணுவமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நாமும் 20 எஃப்-35 விமானங்களை வாங்குகிறோம். ஆனால் இங்கே ஓர் அரசாங்கம் தன் தவணைக்குள் வரவையும் செலவையும் சமன்செய்தாக வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை.

அதன் விளைவு 2024ல் தெரிந்தது. அந்நாடு கடனுக்குக் கட்டிய வட்டி, தற்காப்புச் செலவையே மிஞ்சியது. பென்டகனில் முழுத் தணிக்கை 2018ல்தான் தொடங்கியது. அது இன்னும் ஒரு முறைகூடத் தேறவில்லை. அதன் கீழுள்ள மரின் படை மட்டும் தேறிவிட்டதால், முடியாத காரியம் என்றும் சொல்வதற்கில்லை.

2025 ஜூலையில் வரிக்குறைப்பும் ராணுவத்துக்குச் சுமார் 150 பில்லியன் டாலரும் ஒரே சட்டத்தில் நிறைவேறின. பத்தாண்டில் பற்றாக்குறை 3.4 டிரில்லியன் கூடும் என்றது நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம். கடனைக் காரணம் காட்டி எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினரில் ரேண்ட் பால், தாமஸ் மாசி போன்ற வெகுசிலரே இருந்தார்கள். 90 வயதைக் கடந்தும் செனட்டில் இருக்கும் கிராஸ்லி, ஆதரித்து வாக்களித்தார்.