ஃபோட்டான்களை எண்ணிப் பெறும் கூர்மை

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்தாலும் இந்த எல்லை நகராது. ஒளி ஓர் அலை என்பதால், ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸைக் கடக்கும்போது விளிம்பு விளைவால் பரவி, சிறு வட்டமாகத்தான் பதிகிறது. இரவில் தொலைவில் வரும் லாரியின் இரண்டு முகப்பு விளக்குகள் ஒற்றை விளக்காகத் தெரிவதைப் போல, நெருங்கிய இரு வட்டங்களும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய தூரம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி என்று 1873-இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே கணக்கிட்டுச் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. பல வைரஸ்களின் அளவோ 100 நானோமீட்டரைச் சுற்றியே இருக்கிறது.

இந்த எல்லையைத் தாண்டும் வழி ஏற்கெனவே ஒன்று உண்டு. செல்லுக்குள் ஏற்றிய ஒளிரும் மூலக்கூறுகளை அணைத்தும் எரியவிட்டும் படமெடுக்கும் முறைகளை உருவாக்கியதற்காக எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோர் 2014-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். அங்கே தந்திரம் முழுவதும் சாயத்தில் இருக்கிறது. குவாண்டம் ஒளியியல் கேட்கும் கேள்வி வேறு. வழக்கமான கேமரா ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே பதிகிறது. ஒளித்துகள்களான ஃபோட்டான்கள் தனித்தனியாக வந்தனவா, சேர்ந்து வந்தனவா என்ற விவரம் வீணாகிறது. அதையும் பயன்படுத்தினால் என்ன?

ஒளிரும் ஒற்றை மூலக்கூறு ஒரு ஃபோட்டானை உமிழ்ந்த கையோடு இன்னொன்றை உமிழ முடியாது. மறுபடி ஆற்றல் பெற்று உமிழ அதற்குச் சில நானோநொடிகள் வேண்டும். ஆகவே அதன் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு உணரிகளுக்கு அனுப்பினால், இரண்டும் ஒரே கணத்தில் துடிப்பதே இல்லை. ஒளி இப்படி இடைவெளி விட்டு வருவதை 1977-இல் கிம்பிள், டாகெனாய்ஸ், மாண்டெல் மூவரும் சோடியம் அணுக்களில் நிறுவினார்கள்.

இந்த ‘வராத ஜோடி’களை எண்ணுவதில்தான் கூர்மை பிறக்கிறது. மங்கல் வட்டத்தின் மையத்தில் ஒளியின் அளவை 1 என்று வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் அது 1/2 ஆகக் குறையும் இடத்தில், ஜோடிக்கான கணக்கு 1/2 பெருக்கல் 1/2, அதாவது 1/4. ஓரம் வேகமாகத் தேய்ந்து வட்டம் சுருங்குகிறது. அதன் அகலம் சுமார் 1.4 மடங்கு குறைகிறது. வெவ்வேறு மூலக்கூறுகள் ஒரே சமயத்தில் உமிழத் தடையில்லை என்பதால், அவற்றுக்கிடையிலான ஜோடிகள் வராத கணக்கில் சேர்வதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தை மட்டுமே தெரிவிக்கிறது. மூன்று, நான்கு ஃபோட்டான்கள் என்று போனால் வட்டம் இன்னும் ஒடுங்கும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டான் ஓரோன் குழு 2019-இல் இதை வருடல் நுண்ணோக்கியோடு இணைத்தது. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நுண்படிகங்களால் சாயமேற்றிய செல்களை அது படமெடுத்தது. அபே எல்லையைவிட நான்கு மடங்கு வரை இந்த முறையால் போக முடியும் என்பது கோட்பாடு. இருக்கும் நுண்ணோக்கியோடு உணரிகளை மட்டும் சேர்த்தால் போதும் என்பதால், குவாண்டம் வழிகளில் இது நடைமுறைக்கு நெருக்கமானது.

இன்னொரு வழி, குவாண்டம் பின்னலில் இருக்கும், அதாவது ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு பிணைந்திருக்கும் ஃபோட்டான் ஜோடிகளைக் கொண்டு படமெடுப்பது. சிலவகைப் படிகங்களில் லேசர் ஒளியைச் செலுத்தினால், மிக அரிதாக ஒரு ஃபோட்டான் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் அலைநீளமும் மூல ஒளியைப் போல் இரு மடங்கு. தனித்தனியே பார்த்தால் அவை 532 நானோமீட்டர் பச்சை ஒளி. ஜோடியாகச் சேர்த்து அளந்தாலோ, 266 நானோமீட்டர் புற ஊதா ஒளியின் கூர்மையைத் தருகின்றன. புற ஊதா ஒளி உயிருள்ள செல்லைச் சிதைக்கும். இங்கே செல்மீது படுவது பச்சை ஒளி மட்டுமே. கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் லிஹோங் வாங் குழு 2023-இல் இவ்வாறு புற்றுநோய் செல்களை இரு மடங்குக் கூர்மையோடு படமெடுத்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 2013-இல், ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஷிகெகி தகேயுச்சி குழு, கண்ணாடியில் சுமார் 17 நானோமீட்டர் மட்டுமே மேடெழுந்த ஒரு ‘கியூ’ எழுத்தைப் பின்னல் ஃபோட்டான்களால் காட்டியிருந்தது. அங்கே கிடைத்த ஆதாயம் பிரிதிறனில் அல்ல. அதே எண்ணிக்கையிலான சாதாரண ஃபோட்டான்களோடு ஒப்பிட, இரைச்சலுக்கு எதிரான தெளிவு 1.35 மடங்கு உயர்ந்தது.

எண்ணிக்கையைக் கூட்டினால் கூர்மையும் கூடும் என்பது கோட்பாடு. N ஃபோட்டான்கள் பின்னியிருந்தால் அலைநீளம் N மடங்கு சுருங்கியதுபோல நடக்கும். ஆனால் அத்தகைய நிலை மிக நொய்மையானது. கண்ணாடியில் சிதறியோ உணரியில் தவறியோ ஒரே ஒரு ஃபோட்டான் தொலைந்தாலும் அந்தத் தொகுதி பயனற்றதாகிவிடும். உயிர்த்திசுவில் ஒளியிழப்பைத் தவிர்க்கவே முடியாது. ஆகவே ஆய்வகங்கள் இன்னும் பெரும்பாலும் இரண்டு ஃபோட்டான்களோடு நிற்கின்றன.

படம் சேர ஆகும் நேரமும் பெரிய தடை. ஜோடிகள் அரிதாகவே கிடைப்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் நெடுநேரம் காத்திருந்து எண்ண வேண்டும். அதற்குள் உயிருள்ள செல் நகர்ந்துவிடும். ஒவ்வொரு ஃபோட்டானின் வருகை நேரத்தையும் தனித்தனியே குறிக்கும் உணரிகளை ஒரே சில்லில் நூற்றுக்கணக்கில் அடுக்கும் முயற்சி, இந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காகவே நடந்துவருகிறது.