இரண்டு தாது வருஷங்கள்

எங்கள் குடும்பத்தில் யாராவது மேலப்புஞ்சை என்று வாயெடுத்தால் பேச்சு உடனே தாது வருஷப் பஞ்சத்துக்குப் போய்விடும். "பஞ்சத்துல நம்ம தாத்தாவோட தாத்தாவ ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்க"ன்னு அத்தை சொல்லக் கேட்டே வளர்ந்தோம். வாங்கினதாகச் சொல்லப்படும் வீட்டார் அடுத்த தெருதான். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் இன்றைக்கும் போவதில்லை.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு கணக்கு நோட்டு. "தாது௵ தை௴ மேலப்புஞ்சை ஒத்தி வைத்தது ரூ. 150" என்று ஒரு வரி, ஓரத்தில் பெயர். (௵ வருஷம், ௴ மாதம். பழைய கணக்குகளில் இந்தக் குறிகள் சர்வசாதாரணம்.)

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊர் எங்களுடையது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த ஒரு சம்சாரிக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடுவது வீண். சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான் வந்தது. வீட்டில் கிடக்கிற ஜாதகம், ஒத்தி ஓலை, கணக்கு நோட்டுதான் கதி.

இவற்றை வைத்து ஆளைப் பிடிப்பதில் இரண்டு தொல்லைகள். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருதரம் திரும்பி வரும். 1876 ஏப்ரலில் தொடங்கிய தாது, 1936 ஏப்ரலில் மறுபடி வந்தது. மற்றது பெயர். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். தாத்தா பெயர் பேரனுக்கு, அப்பா பெயர் மகனுக்கு என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். ஆக, பஞ்சத்தில் இருந்தவரும் 1936-ல் இருந்த என் தாத்தாவும் காகிதத்தில் "இன்னார் மகன் இன்னார்" என்று எழுதினால் எழுத்துப் பிசகாமல் ஒரே ஆள்!

நோட்டில் அந்த ஒரு வரியோடு நிற்காமல் பக்கத்தை முழுசாகப் படித்தால் முடிச்சு அவிழ்கிறது. நாலு வரி தள்ளி, "கோவில்பட்டி மோட்டார் சார்ஜ் 0-4-0". நாலணா. 1877 தை மாதத்தில் எந்த மோட்டாரில் போயிருப்பார்? ஒத்தி வைத்தது என் தாத்தா. அது 1937 தை.

அப்போ பஞ்சத்தில் இருந்தவர்? அவருக்குத் தனியாக ஒரு ஓலை இருக்கிறது, பரணில் கிடந்த ஜாதகக் கட்டுக்குள். புள்ளி வைக்காத எழுத்து, ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் கிடையாது. கூட்டிப் படிக்க மூன்று வாரம் பிடித்தது. ஆனால் தாது தை என்பதோடு "கொல்லம் ௲௫௰௨" என்றும் போட்டிருக்கிறார்கள். 1052. நெல்லைச் சீமையில் கொல்லம் ஆண்டும் சேர்த்து எழுதுகிற பழக்கம் இருந்தது நம் அதிர்ஷ்டம். அது சுற்றி வராத கணக்கு. தை மாதத்துக்கு 825 கூட்டினால் போதும், 1877. சந்தேகமே இல்லை.

நிலம் அதே மேலப்புஞ்சை. கிழக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, எல்லை அப்படியே பொருந்துகிறது. ரூபாய் ௰௨, கூடக் கம்பு ஒரு கோட்டை. 1876-ல் மழை பொய்த்து, பஞ்ச வேலைக்குப் போன ஆணுக்கு 1877 தொடக்கத்தில் அரசாங்கம் தினக்கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் நிர்ணயித்த காலம். பன்னிரண்டு ரூபாயைவிட அந்தக் கம்புதான் பெரிசு.

என் தாத்தாவின் தாத்தா அந்த ஓலையில் எழுதிக் கொடுத்தவர் இல்லை. ஒத்தி கொண்டவர்.

பஞ்சத்தில் நிலத்தை இழந்தவர் என்று நாங்கள் நூறு தடவை கேட்டவர், வீட்டில் கம்பு இருந்ததால் இன்னொருத்தர் நிலத்தைப் பிடித்தவர். அதுக்காக அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கம்பு ஒரு வீட்டைச் சாவிலிருந்து காப்பாற்றியும் இருக்கலாம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. பணத்தைக் கட்டி நிலத்தை மீட்டால் ஒத்தி ஓலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த ஓலை கிழியாமல், மடியாமல், எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

எழுதிக் கொடுத்தவரின் பெயர், நாங்கள் பேசாத அந்த அடுத்த தெரு வீட்டில் இன்றைக்கும் வழங்குகிற பெயர். ஊர்ச் சாமி பெயர்தான், பாதி ஊருக்கு அதே பெயர். அதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. அவர்களிடமும் ஒரு ஓலைக்கட்டு இருக்கிறதாம். பார்க்கக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.