ஆவடிக் கணினிக்கு அம்பத்தூரிலிருந்து அப்டேட்

1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று பட்டறைகளோடு மென்பொருள் நிறுவனங்களும் இயங்குகின்றன. அங்குள்ள ஒரு நிறுவனத்தின் கணினிகள் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஊழியர்களின் வீடுகளிலும் இருந்தால், அவற்றை யார் போய்ப் பார்ப்பது?

யாரும் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினியிலும் ‘ஏஜென்ட்’ என்ற சிறு மென்பொருளை நிறுவிவிடுகிறார்கள். அது அவ்வப்போது நிறுவனத்தின் நிர்வாக சர்வரைத் தொடர்புகொண்டு, எந்த அப்டேட் விடுபட்டிருக்கிறது என்று சொல்லும். அங்கிருந்து வரும் கட்டளையை நிறைவேற்றும். மடிக்கணினி திருடுபோனால், அது இணையத்தில் இணைந்ததும் தகவல்களை அழித்துவிடலாம். உலகெங்கும் இதற்குப் பயன்படும் ‘எண்ட்பாயின்ட் சென்ட்ரல்’, நம் சென்னையின் ஜோஹோ நிறுவனத் தயாரிப்பு என்பது பெருமைக்குரிய செய்தி.

அப்டேட்டைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ‘வானாக்ரை’ என்ற தீநிரல் பரவியபோது, அந்தத் திருத்தத்தை நிறுவாத கணினிகள் சிக்கின. பிரிட்டன் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தாயின.

ஆனால், தொலைவிலிருந்தே கணினிகளைப் பராமரிக்கும் இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கணினியே எழாதபோது ஏஜென்ட் எப்படிப் பேசும்? பல இடங்களில் ஒவ்வொன்றாக நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். அதனால்தான் கவனமான நிர்வாகிகள் புதிய அப்டேட்டைச் சில கணினிகளில் மட்டும் சோதித்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்புகிறார்கள்.