மூட்டையைக் கட்டும் பெல்ட்டும் நம் பொறுப்பே!



கொள்முதல் செய்யும்போது அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். பருப்பைப் பல்லில் கடித்துப் பார்க்கிறோம். மூட்டையை எடை போட்டுச் சரிபார்க்கிறோம். ஆனால் அந்தச் சரக்கைக் கடை வாசல் வரை பிடித்துக்கொண்டு வரும் பெல்ட்டை மட்டும் நாம் தொட்டுப் பார்ப்பதில்லை. கேட்டால், "அது வண்டிக்காரர் சமாசாரம்" என்போம். பெல்ட் வண்டிக்காரருடையதுதான், சரக்கு நம்முடையது. அது சரிந்து பின்னால் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வருபவர் மீது விழுந்தால், நஷ்டம் பணத்தோடு நிற்காது.

கும்பகோணத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் குத்தாலத்துக்கு வரும் லோடு ஒரு காலத்தில் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டப்பட்டது. பிறகு நைலான் கயிறு வந்தது. இப்போது இரும்புக் கைப்பிடியை அடித்து முறுக்கும் ராட்செட் பெல்ட் வந்திருக்கிறது. நல்ல சாதனம்தான். ஆனால் கயிறு நைந்தால் தூரத்திலிருந்தே தெரியும். பெல்ட் நைந்தால் கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எவ்வளவு தாங்க வேண்டும்?

வண்டி திடீரென்று பிரேக் போட்டால், வண்டி நிற்கும். சரக்கு நிற்காது, முன்னே போகப் பார்க்கும். சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையை முன்பக்கமும், பாதி விசையைப் பக்கவாட்டிலும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விதி வகுத்திருக்கிறார்கள்.

நமக்குப் புரியும் கணக்கில் சொல்வோம். 2005-ல் வந்த டாடா ஏஸ், நாம் 'குட்டி யானை' என்று அழைக்கும் வண்டி, முதலில் 750 கிலோ பாரத்துக்கென வந்தது. அதாவது 25 கிலோ அரிசி மூட்டை 30. பிரேக் போடும் நொடியில் இவை 600 கிலோ பலத்தோடு முன்னே தள்ளும். வளைவில் 375 கிலோ பலத்தோடு வெளிப்பக்கம் தள்ளும். முன்பக்கத்துக்கு வண்டியின் தடுப்புப் பலகை துணை நிற்கும். பலகைக்கு மேலே அடுக்கிய வரிசைக்கு பெல்ட்டை விட்டால் வேறு துணை இல்லை.

பெல்ட் கெடுவது எதனால்?

முதலாவது வெயில். வருடக்கணக்கில் வண்டியிலேயே கிடக்கும் பெல்ட் நிறம் வெளுத்து, விறைத்து, உள்ளே பலம் இழந்துவிடும்.

இரண்டாவது கூர்மையான விளிம்பு. எங்கள் கடைக்கு ஒருமுறை 15 கிலோ எண்ணெய் டின் லோடு வந்தது. இறக்கும்போது பார்த்தால், டின் விளிம்பில் உரசிய இடத்தில் பெல்ட் பாதி அறுந்திருந்தது. மீதிப் பாதியை நம்பித்தான் அத்தனை டின்னும் வந்து சேர்ந்தன. விளிம்பு படும் இடத்தில் பழைய சாக்கையோ தடித்த அட்டையையோ நான்காக மடித்து வைத்தால் போதும்.

மூன்றாவது முடிச்சு. அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு ஓட்டுவது நம் ஊர் வழக்கம். முடிச்சு விழுந்த பெல்ட்டின் பலம் பாதியளவுக்குக் கூடக் குறைந்துவிடும்.

நான்காவது ரசாயனம். கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் பவுடர், பேட்டரி ஆசிட் ஆகியவை சிந்திய பெல்ட்டை நம்பக்கூடாது. ஆசிட் நைலானைக் கெடுக்கும். கடுங்காரம் பாலியஸ்டரைக் கெடுக்கும். மேலும், நைலான் மழையில் நனைந்தால் பலம் ஓரளவு குறையும். பாலியஸ்டர் அப்படியல்ல, ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதுவே ஏற்றது.

ஐந்து நிமிடப் பரிசோதனை

1. பெல்ட்டை முழு நீளமும் விரித்து, இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டு இருந்தால் கழித்துவிட வேண்டும்.

2. கொக்கி சேரும் இடத்துத் தையலைப் பாருங்கள். நூல் அறுந்திருந்தால் கழித்துவிட வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வது தீர்வல்ல.

3. கொக்கியின் வாய் விரிந்திருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள்; மாற்றுங்கள்.

4. ராட்செட்டின் பல் தேய்ந்து நழுவுகிறதா என்று காலியாக முறுக்கிப் பாருங்கள்.

5. தாங்கும் அளவு எழுதிய சீட்டு இருக்கிறதா? அறுந்து போகும் அளவு வேறு, வேலைக்குரிய அளவு வேறு. வேலைக்குரிய அளவு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். சீட்டே இல்லாத பெல்ட்டின் பலம் யாருக்கும் தெரியாது.

கட்டும் முறை

பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் பட்டையாகப் படிய வேண்டும். ராட்செட் அச்சில் இரண்டு மூன்று சுற்று விழ வேண்டும். சரக்கை நடுவில் குவிக்காமல் அகலமாக அடுக்கினால் பெல்ட் நேராகக் கீழே இறங்கி முழுப் பலத்தோடு அழுத்தும். படுத்தவாக்கில் 30 டிகிரியில் இறங்கினால் அழுத்தம் பாதிதான். தார்ப்பாய் மழைக்கு மட்டுமே. அது கட்டு ஆகாது.

முக்கியமாக, அரிசி மூட்டை ஓட்டத்தில் குலுங்கி அமரும். கும்பகோணத்தில் விறைப்பாகக் கட்டிய பெல்ட் ஆடுதுறைக்குள் தளர்ந்துவிடும். எனவே சிறிது தூரம் சென்றதும் ஓர் இடத்தில் நிறுத்தி மறுபடி முறுக்க வேண்டும்.

வெளிநாடுகளில் படகை வண்டியில் வைத்து இழுத்துச் செல்பவர்கள், அதை வண்டிமேல் ஏற்றும் வின்ச் பெல்ட்டை மட்டும் நம்பிச் சாலையில் போவதில்லை. முன்னால் தனிச் சங்கிலியும் பின்னால் தனிப் பெல்ட்டும் போடுகிறார்கள். ஒரே கட்டை நம்பக்கூடாது என்பது நமக்கும் பொருந்தும். குறைந்தது இரண்டு பெல்ட் வேண்டும்.

வேலை முடிந்தபின் சேறு போகச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ராட்செட் அச்சுக்கு மட்டும், பெல்ட்டில் படக்கூடாது.

சட்டமும் உண்டு

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று உள்ளது. சரக்கு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய்தான். நல்ல பெல்ட் ஜோடியின் விலை இதில் சிறு பகுதிகூட ஆகாது.

ஆகவே, வாடகை பேசும்போதே "பெல்ட்டைக் காட்டுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். நாம் கேட்டால் வண்டிக்காரர் வாங்குவார். இல்லையென்றால் கடையில் நாமே இரண்டு ஜோடி வாங்கி வைத்துக்கொள்வோம். லோடின் மேல் ஆள் உட்கார்ந்து வருவதையும் அனுமதிக்க வேண்டாம். மூட்டை போனால் இன்னொரு மூட்டை வாங்கலாம். போன உயிரை எந்த மண்டியிலும் வாங்க முடியாது.